வீடு தேடிப் போவதா, வீட்டுக்கு வரவழைப்பதா? டியூஷன் ஆசிரியர் முன் உள்ள நான்கு வழிகள்

பி.எட். முடித்துவிட்டு அரசுப் பணித் தேர்வுக்குக் காத்திருப்பவர், குழந்தை பிறந்தபின் பள்ளி வேலையை விட்டவர், முதுகலை படித்துக்கொண்டே கைச்செலவுக்கு வழி தேடுபவர் என்று கேட்பவர்கள் வேறுபட்டாலும், ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் அவர்கள் கேட்பது ஒன்றைத்தான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பது என்று முடிவாகிவிட்டது. மாணவர் வீட்டுக்குப் போவதா, தம் வீட்டிலேயே பிள்ளைகளைச் சேர்ப்பதா, இணையவழியில் நடத்துவதா, ஏதாவது ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்துவிடுவதா என்பதில்தான் தடுமாற்றம்.

பெரும்பாலோர் ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு ஃபீஸ் கிடைக்கும் என்பதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அந்த அளவுகோல் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும் என்பது என் கருத்து. பள்ளி முடிந்து பிள்ளை வீடு திரும்பும் ஐந்து மணிக்கும், சாப்பிட்டு உறங்கப்போகும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நான்கு மணி நேரம்தான் டியூஷன் ஆசிரியரின் கையில் இருக்கும் முதல். எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த நான்கு மணி நேரத்தை ஐந்தாக்க முடியாது. எனவே ஒவ்வொரு வழியும் அந்த முதலில் எவ்வளவைத் தின்கிறது, எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த ஒப்பீடு பள்ளியில் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கானது அன்று என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. ‘எல்லோரும்தானே எடுக்கிறார்கள்’ என்ற துணிவில் இறங்குபவர் தம் வேலையைப் பணயம் வைக்கிறார்.

## முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல் மேலே சொன்ன மாலை நேரம்: பயணம், காத்திருப்பு, நாற்காலி எடுத்துப் போடுவது, நோட்டுத் திருத்துவது எல்லாம் சேர்த்து, ஒரு மணி நேரப் பாடத்துக்கு உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்பது. இரண்டாவது, செலவுபோகக் கைக்கு நிற்கும் பணம். மூன்றாவது, பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பது உங்கள் கண்ணில் படுகிறதா என்பது. டியூஷன் ஆசிரியரின் பெயர் நிற்பதும் கெடுவதும் இதனால்தான். நான்காவது, ஃபீஸ், நேரம், விடுமுறை ஆகியவற்றில் யார் சொல் செல்லும் என்பது. ஐந்தாவது, ஆண்டு முழுவதும் வரவு சீராக இருக்குமா என்பது. ஆறாவது, பிள்ளையின் பாதுகாப்பும் உங்கள் பாதுகாப்பும்.

இவற்றில் மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரை, ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பறையில் படித்தவர்களில் சுமார் 98 விழுக்காட்டினரை விஞ்சினார் என்று கூறியது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் புளூம் காட்டிய ஆய்வில் தனிப்பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்குப் பாடத்தோடு சேர்த்து அடிக்கடி சிறு தேர்வு வைக்கப்பட்டது, தவறியதை மறுபடி சொல்லித் திருத்தியபின்தான் அடுத்த பாடத்துக்கு நகர்த்தப்பட்டார்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரே பிள்ளையை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, பள்ளியில் எழுதிய பதிலையே மீண்டும் ஐந்து முறை எழுதவைக்கும் தனிப்பயிற்சியில் அந்தப் பலன் வராது. பத்துப் பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொருவரின் தப்பையும் தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும் ஆசிரியரிடம் அதில் ஒரு பங்காவது வரும். ஆகவே ‘எத்தனை பேர்’ என்பதைவிட ‘தப்பைப் பார்க்க முடிகிறதா’ என்பதே சரியான கேள்வி.

## வழி ஒன்று: மாணவர் வீட்டுக்குச் செல்வது

முதலீடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத வழி இது. ஒரு ஸ்கூட்டரும் பாடநூலும் இருந்தால் போதும். பிள்ளை ஒன்றுதான் என்பதால் அதன் கை எழுதும்போதே தப்பு கண்ணில் படுகிறது. பின்னக் கழித்தலில் கீழெண்ணையும் சேர்த்துக் கழிக்கிற பிள்ளையை அந்த வரியிலேயே நிறுத்திக் கேட்க முடியும். அதனால் ஃபீஸும் மற்ற வழிகளைவிடத் தலைக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, இயற்பியல், கணக்குப்பதிவியல் போன்ற பாடங்களுக்குப் பெற்றோர் தனிப்பயிற்சியையே விரும்புவதால், பாடத்தில் ஆழம் உள்ளவருக்கு இந்த வழி இயல்பாகப் பொருந்தும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது பயணம். பெட்ரோல் விலையைக் கணக்கிடுபவர்கள்கூடப் போய்வரும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான்கு மணி நேர மாலையில் போய்வர நாற்பது நிமிடமாகும் வீடுகள் இரண்டுக்குத்தான் செல்ல முடியும். மூன்றாவது வீட்டை ஏற்றுக்கொள்பவர் முதல் வீட்டில் பத்து நிமிடம், இரண்டாவது வீட்டில் பத்து நிமிடம் என்று திருடத் தொடங்குவார், அது இரண்டு மாதத்துக்குள் பெற்றோருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது செலவு, அந்த வீட்டின் ஒழுங்குக்குள் நீங்கள் நுழைவது. பிள்ளை நீச்சல் வகுப்பிலிருந்து இன்னும் வரவில்லை என்று கால்மணி நேரம் காத்திருக்கவைப்பார்கள். காபி வரும், மறுக்க முடியாது, குடிக்கப் பத்து நிமிடம் போகும். ‘சின்னவனுக்கும் ரெண்டு வாய்ப்பாடு சொல்லிக்குடுங்க மிஸ்’ என்ற வேண்டுகோள் மூன்றாம் வாரத்தில் வரும். அதற்குச் சம்மதித்தால் ஒரே ஃபீஸில் இரண்டு பிள்ளைகள், மறுத்தால் முகம் சுருங்கும். இதற்கு நான் சொல்லும் வழி, முதல் நாளே எந்தப் பாடம், எந்த வகுப்பு, வாரம் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவது. சின்னவனுக்கும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் அதற்கு என்ன கட்டணம் என்பதையும் அதே செய்தியில் சேர்த்துவிட்டால், பின்னால் மறுக்கவேண்டிய சங்கடமே எழாது.

மூன்றாவது, வராத நாள்களின் கணக்கு. ஊருக்குப் போகிறோம், வீட்டில் விசேஷம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மாதத்தில் இரண்டு மூன்று நாள் போய்விடும். மாத முடிவில் அந்த நாள்களைக் கழித்துக்கொண்டு பணம் தரும் வீடுகள் உண்டு. மாதத்துக்குப் பன்னிரண்டு வகுப்பு, அவர்கள் தரப்பில் விட்டுப்போனதை அதே மாதத்துக்குள் ஈடுகட்டலாம், அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோக முடியாது என்ற விதி இங்கே ஆசிரியரைக் காப்பாற்றும்.

பாதுகாப்பைப் பற்றித் தயங்காமல் பேச வேண்டும். நடுக்கூடத்தில், திறந்த கதவோடு, வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும்போது மட்டுமே பாடம் என்பது ஆண் ஆசிரியர், பெண் ஆசிரியர் இருவருக்கும் பொருந்தும் விதி. அது பிள்ளையைக் காப்பதோடு உங்கள் பெயரையும் காக்கிறது. பெண் ஆசிரியர் புதிய வீட்டை ஏற்குமுன் ஒருமுறை பகலில் போய்ப் பெற்றோரைச் சந்தித்துவிட்டு வருவது நல்லது. போக்சோ சட்டத்தின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் அதைப் புகாரளிப்பது தெரிந்தவர் எவருக்கும் கடமை. வீட்டுக்கு வந்துபோகும் ஆசிரியரிடம் பிள்ளை மனம்விட்டுப் பேச வாய்ப்பு அதிகம் என்பதால், இதை அறிந்தே இந்த வேலைக்கு வர வேண்டும்.

## வழி இரண்டு: சொந்த வீட்டில் பிள்ளைகளைச் சேர்ப்பது

தமிழ்நாட்டின் தெருக்களில் ‘டியூஷன்’ என்றதும் நினைவுக்கு வருவது இதுதான்: வாசலில் பத்துச் சோடிச் செருப்பு, கூடத்தில் பாய், சுவரில் ஒரு வெள்ளைப்பலகை. பயண நேரம் அறவே இல்லை. சமைத்துக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்கும் மிஸ்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடத்துபவரின் சொல்லே இங்கு செல்லும் என்பது பெரிய பலம்: எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த நாள் விடுமுறை, எந்தத் தேதிக்குள் ஃபீஸ் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். ஒரு பிள்ளை நின்றுவிட்டால் வரவில் பத்தில் ஒரு பங்குதான் குறையும். வீட்டுக்குச் செல்லும் ஆசிரியர் நான்கு பிள்ளைகளில் ஒன்றை இழந்தால் கால்வாசி போய்விடும்.

ஆனால் இதன் உண்மையான விலையைக் கொடுப்பது உங்கள் குடும்பம். ஐந்து மணி முதல் எட்டு மணி வரை கூடம் உங்கள் வீட்டாருக்குச் சொந்தமில்லை. மாமியார் தொலைக்காட்சி பார்க்க முடியாது, உங்கள் பிள்ளைக்கே படிக்க இடமிருக்காது, விருந்தாளி வந்தால் சமையலறையில் உட்காரவைக்க வேண்டும். இதைத் தொடங்குமுன் வீட்டாரிடம் ஆண்டுக் கணக்கில் ஒப்புதல் வாங்காதவர்கள் முதல் பொதுத்தேர்வுப் பருவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட், வண்டி நிறுத்தம், சத்தம் என்று மூன்று முனைகளிலிருந்தும் புகார் வரும். படிநிலை கூடக் கூட ஏறும் மின்கட்டணம், குடிநீர், கழிப்பறைச் சுத்தம், ஜெராக்ஸ் ஆகியவை ஒவ்வொன்றும் சிறியவைதான், ஆனால் ஒவ்வொரு மாதமும் வருபவை.

அதைவிடப் பெரியது, கலப்பு வகுப்பின் சிக்கல். மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. ஒருவர் சமச்சீர், ஒருவர் சிபிஎஸ்இ. ஒருவருக்கு நாளை தமிழ்த் தேர்வு, மற்றவருக்கு அறிவியல். இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாத ஆசிரியர் வீட்டுப்பாடத்தை முடித்துக்கொடுப்பதோடு நின்றுவிடுவார். பெற்றோரும் சில மாதம் அதில் மகிழ்வார்கள். காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் வந்ததும் அந்த மகிழ்ச்சி முடிந்துவிடும். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர்களுக்கு இந்தக் கலப்புக் கூட்டம் பழக்கமானது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்த அனுபவம் எந்தச் சான்றிதழைவிடவும் இங்கே உதவும்.

கலப்பு வகுப்பைச் சமாளிக்க இரண்டு வழிகள் பலன் தந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே சேர்ப்பேன் என்று உறுதியாக நிற்பது. அந்த வயதில் பாடத்திட்ட வேறுபாடு பெரிதில்லை. எழுத்துக்கூட்டி வாசித்தல், இடமதிப்பு, வாய்ப்பாடு, கடன்வாங்கிக் கழித்தல், வகுத்தல் ஆகியவற்றில் தேறிய பிள்ளை எந்தப் பாடத்திட்டத்திலும் தேறிவிடும். மற்றது, ஒரு மணி நேரத்தை மூன்றாகப் பிரித்து, இருபது நிமிடம் ஒரு குழுவுக்கு நேரடிப் பாடம், அதே வேளையில் மற்ற இரண்டு குழுக்களுக்கு எழுத்து வேலை என்று சுழற்றுவது. எழுத்து வேலைக்கான தாள்களை முந்தைய நாளே எழுதிவைக்க வேண்டும் என்பதால், பாடம் முடிந்தபிறகும் அரைமணி வேலை இருக்கும். அந்த அரைமணி இல்லாத வீட்டு டியூஷன் பிள்ளைகளை உட்காரவைக்கும் இடமாக மட்டுமே இருக்கும்.

எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வேண்டும். என் மதிப்பீட்டில் ஒரு பேட்ச்சுக்குப் பன்னிரண்டு பிள்ளைக்கு மேல் போனால் ஒவ்வொருவரின் தப்பையும் நினைவில் வைக்க முடியாது. வளர்ந்து வளர்ந்து மொட்டை மாடியில் கொட்டகை போடும் நிலைக்கு வருபவர்கள், ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளைப் படித்துவிட வேண்டும். ஐம்பது மாணவர்களுக்கு மேல் பயிலும் இடத்தை அவை பயிற்சி மையமாகக் கருதுகின்றன. பட்டதாரி அல்லாதவரை ஆசிரியராக வைக்கக்கூடாது, பதினாறு வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கக்கூடாது என்றும் கூறுகின்றன. அவற்றைச் செயல்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு நடக்கும் வீட்டு டியூஷனை இவை தொடுவதில்லை.

## வழி மூன்று: இணையவழி

பயணமும் இல்லை, கூடத்தைக் கொடுக்கவும் வேண்டாம், ஃபீஸும் யுபிஐயில் வந்துவிடும் என்பதால் மணிக்கணக்கில் பார்த்தால் இதுவே மிக இலாபமாகத் தோன்றும். கருவிச் செலவும் பெரிதில்லை. கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் இருவர் மட்டும் பேசும் சந்திப்புக்கு 24 மணி நேரம் வரை அனுமதி உண்டு, மூவரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். ஸூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். தனி வகுப்பு நடத்துபவருக்குக் கட்டணக் கணக்கே தேவைப்படாது.

குறை மூன்றாவது அளவுகோலில் இருக்கிறது. திரையில் பிள்ளையின் முகம் தெரிகிறது, கை தெரிவதில்லை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள்: நூறு மதிப்பெண்ணில் செய்முறை வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு என்று பதினாறு மதிப்பெண் கவராயமும் அளவுகோலும் பிடிக்கும் கையில் இருக்கிறது. சுமாராகப் படிக்கும் பிள்ளைகூட எளிதாக எடுக்கக்கூடிய பகுதி அதுதான். கவராயத்தின் முனை வில்லைச் சுற்றும்போது நகர்கிறது என்பதைத் திரைவழியே கண்டுபிடிப்பது கடினம். பிள்ளையின் வீட்டில் இரண்டாவது கைபேசி ஒன்றை நோட்டுக்கு மேலே நிறுத்தி வைக்கச் சொன்னால் இந்தக் குறை பெருமளவு தீரும். இதற்கு ஒப்பாத பெற்றோரின் பிள்ளைக்குக் கணக்கை இணையவழியில் எடுக்காமலிருப்பதே நல்லது. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அரைமணிக்கு மேல் திரைமுன் நிறுத்த முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து பதிலைக் கிசுகிசுப்பது இந்த வழிக்கே உரிய தொல்லை.

இணையவழி உண்மையிலேயே வெல்லும் இடம் வேறு: வெளிநாடுவாழ் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தல். இங்கே நேர வேறுபாடு உங்கள் மாலையை நீட்டித்துத் தருகிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே மாலை ஆறு மணி வகுப்பு நமக்குப் பிற்பகல் மூன்றரை. உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருமுன்பே ஒன்றிரண்டு வகுப்புகளை முடித்துவிடலாம். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ஆறரை என்றால் நமக்கு எட்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி, கோடையில் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் வாரத்தில் வகுப்புகள் ஒன்றோடொன்று முட்டும் என்பதை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு நம் ஊர்ப் பாடநூலை அப்படியே நடத்த முடியாது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அது ஒரு பாடம். அந்தத் தேர்வில் வாசிப்போடு, காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாடும் வாய்மொழிப் பகுதியும் உண்டு. பேச்சுத்தமிழை மதித்துச் சொல்லிக்கொடுக்கத் தெரியாத, செய்யுளை மட்டும் ஒப்பிக்கவைக்கும் ஆசிரியர் அங்கே நிலைக்க முடியாது. அமெரிக்காவில் வளரும் பிள்ளைக்கோ தேர்வே இருக்காது, பாட்டியோடு தொலைபேசியில் பேச வேண்டும் என்பது மட்டும்தான் தேவையாக இருக்கும். இரண்டும் வேறு வேறு வேலைகள், இரண்டுக்கும் தனித்தனியே பாடம் தயாரிக்க வேண்டும்.

நிறுவனச் செயலிகள் வழியாக மாணவர்களைப் பெறுவது பற்றியும் கேட்கிறார்கள். தொடக்கத்தில் மாணவர்களைத் தேடும் வேலை மிச்சம் என்பது உண்மை. ஆனால் மாணவர் பட்டியல் நிறுவனத்தின் கையில் இருக்கும். வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியைகளைக் கொண்டு வளர்ந்த வொயிட்ஹேட் ஜூனியரை 2020-இல் இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் வாங்கியது. 2024 ஜூலையில் பைஜூஸின் தாய் நிறுவனத்தின்மீதே திவால் நடைமுறை தொடங்கியது. நிறுவனம் ஆடும்போது ஆசிரியரிடம் மிஞ்சுவது, அவர் தாமாகச் சேர்த்துவைத்த பெற்றோரின் நம்பிக்கை மட்டுமே.

## வழி நான்கு: டியூஷன் சென்டரில் சேர்வது

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாதச் சம்பளம் நிலையானது, மாணவரைத் தேட வேண்டாம், ஃபீஸ் பாக்கி கேட்கும் சங்கடம் இல்லை, ஒரே பாடத்தை ஒரே வகுப்புக்கு மீண்டும் மீண்டும் நடத்துவதால் கை பழகுகிறது. புதிய ஊருக்குக் குடிவந்தவருக்கும் கற்பித்த அனுபவமே இல்லாதவருக்கும் ஓராண்டுக்கு இது நல்ல பயிற்சிக்களம். ஆனால் மாலை முழுவதும் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை தேர்வு கண்காணிப்பும் சேரும், மணிக்கணக்கில் வருவாய் நான்கு வழிகளிலும் மிகக் குறைவு. சேரும்போது கையெழுத்திடும் தாளில், வேலையை விட்டபின் குறிப்பிட்ட காலத்துக்கு அதே பகுதியில் டியூஷன் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று வாசித்துப் பார்ப்பது அவசியம். அசல் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் சேரவே வேண்டாம்.

## மணிக்கணக்கில் பார்த்தால்

கீழே உள்ள எண்கள் கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் ஃபீஸை அந்த இடங்களில் இட்டுப் பாருங்கள். மாணவர் வீட்டுக்குச் செல்பவருக்குப் பிள்ளைக்கு 3,000 ரூபாய், மாதம் பன்னிரண்டு நாள், பாடம் ஒரு மணி, பயணம் நாற்பது நிமிடம். சொந்த வீட்டில் பிள்ளைக்கு 700 ரூபாய், மாதம் 22 நாள், பாடம் ஒன்றரை மணி, முன்பின் வேலை அரைமணி. இணையவழியில் வகுப்புக்கு 300 ரூபாய், மாதம் பன்னிரண்டு வகுப்பு, தயாரிப்புக்குக் கால்மணி. சென்டரில் 8,000 ரூபாய், 26 நாள், மூன்று மணி, பயணம் அரைமணி.

| வழி | வரவு (ரூ.) | செலவு (ரூ.) | உழைக்கும் மணி | மணிக்கு நிற்பது (ரூ.) |
|---|---|---|---|---|
| மாணவர் வீடு, ஒரு பிள்ளை | 3,000 | 300 | 20 | 135 |
| சொந்த வீடு, எட்டுப் பிள்ளை | 5,600 | 600 | 44 | 114 |
| சொந்த வீடு, பன்னிரண்டு பிள்ளை | 8,400 | 800 | 44 | 173 |
| இணையவழி, ஒரு பிள்ளை | 3,600 | 300 | 15 | 220 |
| சென்டர் | 8,000 | 500 | 91 | 82 |

மணிக்கு 250 ரூபாய் என்று நினைத்துப் போகும் வீட்டு வகுப்பு 135 ரூபாயில் நிற்பதைக் கவனியுங்கள். எட்டுப் பிள்ளைகளோடு நடக்கும் வீட்டு டியூஷன் அதற்கும் கீழே இருக்கிறது. ஒன்பது, பத்துப் பிள்ளைகள் சேர்ந்தபின்தான் அது வீட்டுக்குச் செல்லும் வழியை எட்டிப் பிடிக்கிறது. இணையவழியின் 220 ரூபாய் கண்ணைப் பறிக்கும், ஆனால் அந்த எண் இடங்கள் நிரம்பினால்தான் மெய்யாகும். தெருவில் தெரியாத ஆசிரியரை நம்பிப் பிள்ளையைத் திரைமுன் உட்காரவைக்கப் பெற்றோர் எளிதில் முன்வருவதில்லை, ஒரு மாலையில் மூன்று வகுப்புகளை நிரப்ப ஓராண்டு ஆனாலும் வியப்பதற்கில்லை.

ஆண்டுக் கணக்கையும் இதோடு சேர்க்க வேண்டும். சென்டர் தவிர்த்த மற்ற வழிகளில் உள்ளூர்ப் பிள்ளைகளிடமிருந்து பத்து மாத வரவுதான் உறுதி. ஏப்ரல் நடுவில் தேர்வு முடிந்ததும் வகுப்பு கலைந்துவிடும். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள் என்றாகி, இரண்டாவது மே மாதத்தில் வருவதால், மதிப்பெண்ணை உயர்த்த விரும்பும் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளியில் தனிப்பயிற்சி தேவைப்படுகிறது. இது வீட்டுக்குச் செல்லும் ஆசிரியருக்குக் கிடைத்திருக்கும் புதிய வாய்ப்பு. தொடக்க வகுப்புகளை நடத்துபவர் மே மாதத்தில் கையெழுத்து, தமிழ் வாசிப்பு, ஆங்கில வாசிப்பு என்று மூன்று வார வகுப்பு வைத்து அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கலாம்.

## யாருக்கு எது

தொடக்க வகுப்புகளை விரும்பி நடத்துபவர், கூடமோ மொட்டை மாடி அறையோ உள்ளவர், வீட்டார் ஒப்புதல் பெற்றவர், சுற்றிலும் பிள்ளைகள் நிறைந்த தெருவில் வசிப்பவர் ஆகியோருக்குச் சொந்த வீடே சிறந்தது. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு இது வசதி என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த மூன்று மணி நேரத்துக்கு இன்னொருவர் இல்லாவிட்டால் இது வசதியன்று, இரட்டைச் சுமை.

கணக்கு, அறிவியல், கணக்குப்பதிவியல் ஆகியவற்றில் பத்தாம் வகுப்புக்கு மேல் நடத்தும் தகுதியுள்ளவர் மாணவர் வீட்டுக்குச் செல்வதையே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் வீடுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டு ஒரே பகுதிக்குள் ஏற்க வேண்டும். பயணம் நாற்பதிலிருந்து இருபது நிமிடமாகக் குறைந்தால் அதே ஃபீஸில் மணிக்கு நிற்பது 169 ரூபாயாகிறது. ஃபீஸை உயர்த்திக் கேட்பதைவிட இது எளிது. ஒரே அடுக்குமாடி வளாகத்தில் மூன்று வீடுகள் கிடைத்தால் அதைவிட நல்ல ஏற்பாடு இந்தத் தொழிலில் இல்லை.

தமிழ் இலக்கணத்தையும் பேச்சையும் ஒருசேரச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவருக்கு இணையவழி. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அதை முதன்மை வழியாக்காமல், ஏற்கெனவே நேரில் படித்துப் பழகிய பிள்ளை ஊர் மாறிப்போனால் தொடர்வதற்கும், தேர்வுக்கு முந்தைய இரவு ஐயம் தீர்ப்பதற்கும் வைத்துக்கொள்வது போதும்.

தொடங்கும்போது ஊரில் ஒருவரையும் தெரியாது என்றால், சென்டரில் ஓராண்டு இருந்துவிட்டு வெளியேறுவது கௌரவக் குறைச்சல் இல்லை. என்னைக் கேட்டால், அறிமுகம் உள்ளவர்கள்கூட முதல் ஆண்டில் இரண்டு வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்த பிறகே தம் வீட்டில் கூட்டம் சேர்க்க வேண்டும். ஒரு பிள்ளையின் தப்பைப் பார்க்கப் பழகாத கண்ணுக்குப் பன்னிரண்டு பிள்ளைகளின் தப்பு தெரியாது.

வழியை மாற்றுவதற்கும் காலம் உண்டு. மாணவர் சேர்க்கை ஜூனிலும், காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் வெளியாகும் அக்டோபரிலும் என்று ஆண்டுக்கு இருமுறைதான் வேகமெடுக்கும். வீட்டுக்குச் செல்வதிலிருந்து சொந்த வீட்டுக்கு மாற நினைப்பவர் மார்ச் மாதமே தற்போதைய பெற்றோரிடம் சொல்லிவிட்டு, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையைக் கடைசித் தேர்வு வரை கைவிடாமல் முடித்துக்கொடுத்து, ஜூன் முதல் வாரத்தில் புதிய பேட்ச்சைத் தொடங்க வேண்டும். ஜனவரியில் பாதியில் நிறுத்தியவர் என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால், அடுத்த ஜூனில் அந்தத் தெருவில் யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.